நாம் பார்த்ததெல்லாம் ஹோலோகிராம்தானா? டிவியில் தோற்ற திரவப் படிகம், லேசர் ஒளியில் ஜெயித்த கதை

2022 ஜனவரி 23. நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் 125-வது பிறந்தநாள். டெல்லி இந்தியா கேட் அருகே பல வருஷமாகச் சிலை இல்லாமல் கிடந்த கல் மண்டபத்துக்குள், 28 அடி உயரத்தில் அவருடைய உருவம் ஒளிர்ந்தது. பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். ‘ஹோலோகிராம் சிலை’ என்று அரசு அறிவிப்பு சொன்னது. எல்லா ஊடகங்களும் அப்படியே தலைப்பு வைத்தன.

அதே அறிவிப்பிலேயே இன்னொரு விவரமும் இருந்தது. 30,000 லூமென் திறன் கொண்ட 4கே புரொஜெக்டர், பார்வையாளர் கண்ணுக்கே தெரியாத மாதிரி 90 சதவீதம் ஒளி ஊடுருவும் திரை. அதாவது, கண்ணாடி மாதிரியான திரையில் விழுந்த ஒரு தட்டையான படம். அதே ஆண்டு செப்டம்பரில் அந்த இடத்தில் நிஜமான கருங்கல் சிலை வந்துவிட்டது. ஆனால், ‘ஹோலோகிராம்’ என்ற வார்த்தை மட்டும் நம்மிடம் அப்படியே தங்கிவிட்டது.

2014 மக்களவைத் தேர்தலில் ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் தோன்றிய ‘3டி ஹோலோகிராம்’ பிரசாரமும் இதே வகைதான். சாய்வாக நிறுத்திய மெல்லிய படலத்தில் பிம்பத்தைப் பிரதிபலிக்க வைக்கும் வித்தை அது. லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் 1862-லேயே நாடக மேடையில் இப்படித்தான் பேயை வரவழைத்தார். ‘பெப்பர்ஸ் கோஸ்ட்’ என்றே அதற்குப் பெயர். கடை வாசலில் வேகமாகச் சுற்றி ஷூவையும் பர்கரையும் காட்டும் எல்இடி விசிறி? அதுவும் ஹோலோகிராம் இல்லை. விசிறி இறக்கையில் ஒட்டிய பல்புகள், அவ்வளவுதான்.

அப்போ அசல் ஹோலோகிராம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் உங்கள் பர்ஸில். கிரெடிட் கார்டில் மினுமினுக்கும் அந்தச் சின்ன வெள்ளி ஸ்டிக்கர்தான் அசல் வாரிசு. அது அசையாது என்பது ஒன்றுதான் குறை. அசையும் அசல் ஹோலோகிராமுக்கு எது தடை, அந்தத் தடையை உடைக்க 50 வருஷமாக முயன்றுவரும் ‘ஃபெரோஎலெக்ட்ரிக் திரவப் படிகம்’ என்றால் என்ன என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

ஃபோட்டோவில் தொலைந்துபோவது எது?

ஒரு பொருளில் பட்டுத் தெறித்து வரும் ஒளியில் இரண்டு தகவல் இருக்கிறது. ஒன்று, எவ்வளவு பிரகாசம். இன்னொன்று, அலை எந்த நிலையில் வந்து சேர்கிறது, மேடாகவா பள்ளமாகவா என்பது. இயற்பியல் பாடத்தில் இதைக் ‘கட்டம்’ என்பார்கள். கேமரா பிரகாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டத்தைத் தூக்கி எறிந்துவிடுகிறது. பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற விவரமெல்லாம் அந்தக் கட்டத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்யும் வழியை 1947-ல் கண்டுபிடித்தவர் ஹங்கேரியில் பிறந்து பிரிட்டனில் வேலை பார்த்த டென்னிஸ் கபோர். 1971-ல் நோபல் பரிசு வாங்கினார். குளத்தில் ஒரே நேரத்தில் இரண்டு கல் போட்டால், இரண்டு வளையங்களும் மோதி ஒரு புது வடிவம் உண்டாகும் இல்லையா? பொருளிலிருந்து வரும் ஒளியோடு இன்னொரு தெளிவான ஒளியை மோதவிட்டு, அந்த வடிவத்தை ஃபிலிமில் பதிவு செய்வதுதான் ஹோலோகிராம். பிறகு அந்த ஃபிலிமில் லேசரை அடித்தால், பொருள் இல்லாமலேயே பொருளிலிருந்து வந்த ஒளி திரும்பப் பிறக்கும். சுற்றிப் பார்க்கலாம். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும்.

அசைய வேண்டும் என்றால் ஃபிலிமுக்குப் பதிலாக நொடிக்கு நொடி மாறும் திரை வேண்டும். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு அந்த வடிவத்தைத் திரையில் எழுதும். வெறும் கண்ணால் பார்த்தால் அந்த வடிவம் தரையில் ரவை கொட்டியது மாதிரி இருக்கும், ஒன்றும் புரியாது. லேசர் பட்டால்தான் உருவம் வரும்.

6,000 கோடி புள்ளிகள்

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால்தான் தலை சுற்றும்.

ஒளி ஒரு திரையிலிருந்து எவ்வளவு கோணத்துக்கு வளைந்து போக முடியும் என்பதை முடிவு செய்வது, பக்கத்துப் பக்கத்துப் பிக்சலுக்கு இடையிலான தூரம். பிக்சல்கள் 8 மைக்ரான் இடைவெளியில் இருந்தால் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பச்சை லேசருக்குக் கிடைக்கும் பார்வைக் கோணம் 4 டிகிரிகூட இல்லை. சாவி ஓட்டை வழியாகப் பார்ப்பது மாதிரி. 30 டிகிரி வேண்டுமானால் பிக்சல் 1 மைக்ரானுக்கு வர வேண்டும்.

இப்போது 30 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர், அதாவது ஒரு லேப்டாப் அளவுத் திரை எடுத்துக்கொள்வோம். ஒரு வரிசைக்கு 3 லட்சம் பிக்சல், 2 லட்சம் வரிசை. மொத்தம் 6,000 கோடி. ஒரு 4கே டிவியில் இருப்பது சுமார் 83 லட்சம்தான். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட 4கே டிவிகளின் பிக்சல்களை ஒரு லேப்டாப்புக்குள் அடைக்க வேண்டும். ‘அடுத்த வருஷம் ஹோலோகிராம் போன்’ என்று வரும் செய்திகளைப் படிக்கும்போது இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

இடம் போதவில்லை என்றால், நேரத்தில் ஈடுகட்ட முடியுமா? ஒரு பிக்சல் நொடிக்கு 60 முறை மாறுவதற்குப் பதிலாக ஆயிரக்கணக்கான முறை மாறினால், ஒரே சின்னத் திரையை வைத்துப் பல திரைகளின் வேலையை வாங்கலாம். ஆனால், நம் டிவி, லேப்டாப், செல்போன் எல்சிடிகளில் இருக்கும் ‘நெமாட்டிக்’ வகை திரவப் படிகத்தால் அந்த வேகம் முடியாது. சில மில்லிநொடி ஆகிவிடும். இந்த இடத்தில்தான் நம் கதாநாயகன் வருகிறான்.

இரும்பே இல்லாத ‘ஃபெரோ’

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம். ‘ஃபெரோ’ என்றால் இரும்பு. ஆனால் இந்தப் பொருளில் இரும்பு துளியும் கிடையாது. காந்தம் பட்ட இரும்பு எப்படிக் காந்த வடதுருவம், தென்துருவம் என்று ஒரு பக்கமாக அணிவகுத்து அப்படியே நிற்கிறதோ, அதே மாதிரி பிளஸ், மைனஸ் என்று மின்சாரத்தில் அணிவகுத்து நிற்கும் பொருளுக்குத்தான் ஃபெரோஎலெக்ட்ரிக் என்று பெயர் வைத்தார்கள். அதுவரை தெரிந்தவை எல்லாம் திடமான படிகங்கள்.

திரவப் படிகம் என்பது திரவம் மாதிரி ஓடும், படிகம் மாதிரி ஒழுங்கும் வைத்திருக்கும். 1888-ல் ஃபிரெட்ரிக் ரைனிட்ஸர் என்ற தாவரவியலாளர் கேரட்டிலிருந்து எடுத்த ஒரு பொருள் 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாகி, 178.5 டிகிரியில் மறுபடி தெளிந்ததைப் பார்த்தார். ‘ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலையா?’ என்ற அந்தக் குழப்பத்திலிருந்து பிறந்ததுதான் இன்றைய எல்சிடி தொழில் முழுவதும்.

1975-ல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் மேயர் ஒரு கேள்வி கேட்டார். மூலக்கூறுகள் அடுக்கடுக்காக நின்று, ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. அந்த மூலக்கூறுகள் நம் இடது கை, வலது கை மாதிரி கண்ணாடிப் பிம்பத்தோடு பொருந்தாதவையாகவும் இருந்தால் என்ன ஆகும்? சாய்வுக்குச் செங்குத்தாகத் தானாகவே ஒரு மின்முனை உண்டாகியே தீர வேண்டும் என்று கணக்குச் சொன்னது. பிரெஞ்சு வேதியியலாளர்களோடு சேர்ந்து அப்படி ஒரு மூலக்கூறைத் தயாரித்தும் காட்டினார். முதல் ஃபெரோஎலெக்ட்ரிக் திரவப் படிகம் அதுதான். சுருக்கமாக எஃப்எல்சி.

அந்தச் சாய்வை எப்படிக் கற்பனை செய்வது? உரலுக்குள் சாய்த்து வைத்த உலக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ் நுனி குழியில் நிலையாக இருக்கிறது. மேல் நுனி மட்டும் வட்டமாகச் சுற்றி வரலாம். சாய்வு அளவு மாறாது, எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் மாறும். இயல்பாக விட்டால் அடுத்தடுத்த அடுக்கில் உலக்கைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, மாடிப்படிச் சுருள் மாதிரி போய்விடும். மொத்தமாகக் கூட்டினால் மின்முனை ஒன்றையொன்று ரத்து செய்து பூஜ்யமாகிவிடும்.

1980-ல் அமெரிக்காவின் நோயல் கிளார்க்கும் ஸ்வீடனின் ஸ்வென் லாகர்வாலும் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒன்றிரண்டு மைக்ரான் இடைவெளி மட்டும் விட்டு இந்தத் திரவத்தை அடைத்தார்கள். சுருள் சுருளுவதற்கு இடமே இல்லை. உலக்கைக்கு இரண்டே இடம்தான் மிச்சம்: இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம். பிளஸ் வோல்டேஜ் கொடுத்தால் ஒரு பக்கம், மைனஸ் கொடுத்தால் மறுபக்கம். வோல்டேஜை எடுத்தாலும் நின்ற பக்கமே நிற்கும்.

வேகத்தின் ரகசியமும் இதுதான். நெமாட்டிக் வகையில் வோல்டேஜ் கொடுத்தால் மூலக்கூறு திரும்பும், எடுத்தால் தானாகச் சோம்பலாகப் பழைய இடத்துக்கு வரும். போகும்போது தள்ளிவிடுகிறோம், திரும்பும்போது காத்திருக்கிறோம். எஃப்எல்சியில் போகவும் தள்ளலாம், வரவும் தள்ளலாம். மைக்ரோநொடிக்கும் குறைவான நேரத்தில் மாறியதாகக் கிளார்க்கும் லாகர்வாலும் அறிவித்தார்கள். நடைமுறைப் பேனல்களில் நூறு மைக்ரோநொடிக்குக் கீழே என்று வைத்துக்கொண்டால்கூட, அது நெமாட்டிக்கைவிடப் பல பத்து மடங்கு வேகம்.

பிறகு ஏன் நம் வீட்டு டிவியில் இது இல்லை?

முயற்சி நடக்காமல் இல்லை. ஜப்பானின் கேனான் நிறுவனம் 1990-களின் நடுவில் 15 அங்குல எஃப்எல்சி திரையைச் சந்தைக்கே கொண்டுவந்தது. தொடரவில்லை.

காரணங்கள் ஒவ்வொன்றும் தொழிற்சாலைக்காரர்களை அழவைக்கக் கூடியவை. கண்ணாடி இடைவெளி ஒன்றிரண்டு மைக்ரான் என்றால், ஒரு தூசி போதும் பேனலைக் கெடுக்க. கால்குலேட்டர் திரையை விரலால் அழுத்தினால் கறுப்பாகப் பரவி, விட்டதும் சரியாகிவிடும், பார்த்திருப்பீர்கள். எஃப்எல்சி திரையை அப்படி அழுத்தினால் அடுக்குகள் கலைந்துவிடும். கலைந்தது கலைந்ததுதான். தொடுதிரை யுகத்துக்கு இது எவ்வளவு பொருந்தாத பொருள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, இதற்குத் தெரிந்தது இரண்டே நிலை. வெளிச்சம் அல்லது இருட்டு. நடுவில் சாம்பல் நிறம் வேண்டுமானால் வேகமாக ஆன், ஆஃப் செய்து கண்ணை ஏமாற்ற வேண்டும். அதையும் மீறி ஒரு தலைவலி: ஒரே திசையில் வோல்டேஜ் கொடுத்துக்கொண்டே இருந்தால் மின்னேற்றம் தேங்கிப் பேனல் கெட்டுவிடும். அதனால் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதன் தலைகீழ்ப் படத்தை, அதாவது கறுப்பு வெள்ளையாக, வெள்ளை கறுப்பாக மாறிய நெகட்டிவைக் காட்டியாக வேண்டும். அந்த நேரத்தில் விளக்கை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் படமும் நெகட்டிவும் கலந்து சாம்பல்தான் மிஞ்சும். பாதி நேரம் விளக்கு அணைந்திருக்கும் டிவியை யார் வாங்குவார்கள்?

சின்னத் திரையில் மட்டும் பிழைத்தது. அமெரிக்காவின் கொலராடோவில் 1984-ல் தொடங்கிய டிஸ்ப்ளேடெக் நிறுவனம், சிலிக்கான் சிப் மேலேயே எஃப்எல்சியை ஊற்றி நகம் அளவு திரைகளைச் செய்தது. கேம்கார்டர், டிஜிட்டல் கேமராக்களில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குள் அவை இருந்தன. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எல்இடியும் மாறி மாறி எரிய, திரை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும். 2009-ல் மைக்ரான் நிறுவனம் டிஸ்ப்ளேடெக்கை வாங்கியது.

குறையே வரமான இடம்

இந்தத் துறையைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

டிவிக்கு ‘இரண்டே நிலை’ என்பது குறை. ஹோலோகிராமுக்கு அதே இரண்டு நிலை ஒரு அழகான வேலையைச் செய்கிறது. லேசர் ஒளியை ஒரு குறிப்பிட்ட திசையில் அதிரும்படி வடிகட்டி எஃப்எல்சி பிக்சலுக்குள் அனுப்புகிறோம். வெளியே வரும்போது அதற்குக் குறுக்காக இன்னொரு வடிகட்டி. மூலக்கூறு இடது பக்கம் சாய்ந்திருந்தால் அலை மேடாக வெளியே வருகிறது. வலது பக்கம் சாய்ந்தால் அதே அளவு பிரகாசத்தோடு, ஆனால் பள்ளமாக வருகிறது. பிரகாசம் மாறாமல் கட்டம் மட்டும் தலைகீழாகிறது. கேமரா தூக்கி எறிந்த அதே கட்டம்!

இன்னும் அழகு, அந்த நெகட்டிவ் விஷயத்தில். ஹோலோகிராமில் எல்லா மேட்டையும் பள்ளமாக, எல்லாப் பள்ளத்தையும் மேடாக மாற்றினால் என்ன உருவம் கிடைக்கும்? அதே உருவம்தான். குளத்தில் எல்லா அலையும் ஒரே சமயத்தில் மேலும் கீழும் இடம் மாறினால் வளையங்களின் வடிவம் மாறாது அல்லவா, அப்படி. ஆக, டிவியில் பாதி நேரம் விளக்கை அணைக்க வைத்த அந்தத் தொல்லை ஹோலோகிராமில் தொல்லையே இல்லை. விளக்கு எப்போதும் எரியலாம்.

சும்மா கிடைப்பதில்லை, இதற்கும் விலை உண்டு. மேடு, பள்ளம் என்று இரண்டே படி இருப்பதால், வரும் ஒளியில் அதிகபட்சம் சுமார் 40 சதவீதம்தான் நமக்கு வேண்டிய உருவத்துக்குப் போகும். இன்னொரு 40 சதவீதம் தலைகீழான ஓர் இரட்டைப் பிம்பத்துக்குப் போய் வீணாகும். பொதுவாகக் கிடைக்கும் எஃப்எல்சியில் மூலக்கூறின் இரண்டு நிலைகளுக்கும் இடையே 45 டிகிரிதான் இருக்கும், 90 டிகிரி இருந்தால்தான் முழு ஒளியும் கிடைக்கும். 45 டிகிரியில் பாதி ஒளி வடிகட்டியிலேயே நின்றுவிடும். போதாதற்கு, லேசர் படத்துக்கே உரிய புள்ளிப்புள்ளியான இரைச்சல் வேறு.

இரைச்சலுக்கு மருந்து வேகம்தான். ஒரே உருவத்தை உண்டாக்கும் 24 வெவ்வேறு ஹோலோகிராம்களைக் கணக்குப் போட்டு, ஒரு வீடியோ ஃபிரேமுக்குள் அடுத்தடுத்துக் காட்டுவது. ஒவ்வொன்றிலும் இரைச்சல் வேறு வேறு இடத்தில் இருக்கும், உருவம் மட்டும் ஒரே இடத்தில் இருக்கும். கண் சராசரி எடுத்துக்கொள்ளும். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் 1,440 ஹோலோகிராம். எஃப்எல்சியால் முடியும். பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் 2004-ல் தொடங்கிய லைட் ப்ளூ ஆப்டிக்ஸ் நிறுவனம் ஏறக்குறைய இந்த வழியில்தான் லேசர் புரொஜெக்டர் செய்தது. மேஜை மேல் தொடுதிரையை வரையும் ‘லைட் டச்’ கருவியை 2010-ல் லாஸ் வேகஸ் கண்காட்சியில் காட்டினார்கள். ஆனால் அது காட்டியது தட்டையான படம்தான். பிறகு அந்த நிறுவனம் ஒயிட்போர்டு கேமரா பக்கம் போய்விட்டது.

நிஜமான 3டியை நெருங்கியது பிரிட்டனின் குவினெட்டிக். 2000-களின் தொடக்கத்தில் அவர்கள் சுமார் 10 லட்சம் பிக்சல் கொண்ட வேகமான பேனலை ‘ரப்பர் ஸ்டாம்ப்’ மாதிரி பயன்படுத்தினார்கள். அது காட்டும் வடிவத்தை, ஒளி பட்டால் பதிந்துகொள்ளும் இன்னொரு எஃப்எல்சி பரப்பில் 25 கட்டங்களாக அடுத்தடுத்து அச்சடிப்பது. வோல்டேஜ் எடுத்தாலும் நிற்கும் குணம் இருப்பதால், கடைசிக் கட்டம் பதியும்வரை முதல் கட்டம் அழியாமல் காத்திருக்கும். இப்படி நான்கு தொகுப்பு சேர்த்து 10 கோடிக்கும் மேற்பட்ட பிக்சல். சுமார் 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு, சுற்றிப் பார்க்கக்கூடிய உருவம் காற்றில் நின்றது. கருவி மட்டும் ஆய்வகத்தை விட்டு வெளியே வரவில்லை. மேலே சொன்ன 6,000 கோடியோடு ஒப்பிட்டால், அந்த 10 கோடியும் 600-ல் ஒரு பங்குதான்.

இன்று எங்கே வேலை பார்க்கிறது?

வீட்டுக்கு வரவில்லை. ஆனால் உங்கள் உடம்பின் செல்லைப் பார்க்கும் இடத்துக்கும், வேறு நட்சத்திரத்தின் கோளைத் தேடும் இடத்துக்கும் வந்துவிட்டது.

சாதாரண நுண்ணோக்கியால் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது. செல்லின் மேல் மெல்லிய ஒளிக்கோடுகளை விழவைத்து, மூன்று திசையில் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் மூன்று முறை நகர்த்தி, 9 படம் எடுத்துக் கணக்குப் போட்டால் அந்த எல்லை பாதியாகிவிடும். பிரச்சினை என்ன? உயிருள்ள செல் நமக்காகக் காத்திருக்காது, அசைந்துகொண்டே இருக்கும். கோடுகளை இயந்திரத்தால் திருப்பினால் அதற்குள் செல் நகர்ந்துவிடும். 2009-ல் மேட்ஸ் குஸ்டாஃப்சனின் குழு, கோடுகளை எஃப்எல்சி பேனலில் எழுதி இதைச் சாத்தியமாக்கியது. 100 நானோமீட்டர் நுணுக்கத்தில் நொடிக்கு 11 படம் வரை. 2014-ல் எரிக் பெட்ஸிக் குழு வெளியிட்ட, செல்லைச் சுடாமல் மெல்லிய ஒளித்தகட்டால் அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ‘லாட்டிஸ் லைட் ஷீட்’ நுண்ணோக்கியிலும் ஒளியை வடிவமைத்தது எஃப்எல்சி பேனல்தான். இந்தப் பேனல்களைச் செய்வது ஸ்காட்லாந்தின் ஃபோர்த் டைமென்ஷன் டிஸ்ப்ளேஸ். 2011-ல் அமெரிக்காவின் கோபின் நிறுவனம் அதை வாங்கியது. எலெக்ட்ரானிக் போர்டுகளில் பற்றவைப்பு சரியாக இருக்கிறதா என்று 3டியில் பரிசோதிக்கும் இயந்திரங்களிலும் இதே பேனல்கள் இருக்கின்றன. சாதாரணக் கோடுகள்தான், ஆனால் துல்லியமாக, வேகமாக மாற வேண்டும்.

சிலி நாட்டு மலை உச்சியில் இருக்கும் விஎல்டி தொலைநோக்கியில் ‘ஸ்ஃபியர்’ என்ற கருவி இருக்கிறது. அதற்குள் ‘ஜிம்போல்’ என்ற பகுதி. நட்சத்திரத்திலிருந்து நேராக வரும் ஒளி எல்லாத் திசையிலும் அதிரும். கோளிலோ தூசியிலோ பட்டுத் தெறித்த ஒளி ஒரு திசையில் கூடுதலாக அதிரும். இந்த நுணுக்கமான வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும். ஆனால் பூமியின் காற்றுமண்டலம் படத்தைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது. காற்று அசைவதற்குள் இரண்டு திசையையும் அளந்துவிட்டால் பிழை ரத்தாகிவிடும். நொடிக்கு ஏறக்குறைய ஆயிரம் முறை திசையை மாற்றிக் கொடுக்கும் அந்த வேலையைச் செய்வது ஓர் எஃப்எல்சி தகடு.

போட்டி இல்லாமல் இல்லை. புரொஜெக்டர்களில் இருக்கும் நுண்கண்ணாடி சிப், எஃப்எல்சியைவிட வேகமானது, முரட்டுத்தனமாகக் கையாளலாம். ஆனால் அது ஒளியை அனுப்பும் அல்லது தடுக்கும், கட்டத்தை மாற்றாது. அதனால் ஹோலோகிராமுக்குப் போய்ச் சேரும் ஒளி சுமார் 10 சதவீதம்தான். மறுபக்கம் நெமாட்டிக் பேனல் கட்டத்தைப் படிப்படியாக, வழவழவென்று மாற்றும், இரட்டைப் பிம்பம் கிடையாது. ஆனால் மெதுவானது. கணக்குப் போடுவது முன்பு பெரிய முட்டுக்கட்டையாக இருந்தது. 2021-ல் எம்ஐடி ஆய்வாளர்கள் 1 எம்பி நினைவகத்துக்குள் அடங்கும் ஏஐ மாதிரியை வைத்து, 3டி ஹோலோகிராமைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கணக்கிட்டுக் காட்டினார்கள். இனி காத்திருப்பது கம்ப்யூட்டருக்காக இல்லை, திரைக்காகத்தான் என்பது என் புரிதல். அதுவும் மேஜை மேல் நிற்கும் ஹோலோகிராம் டிவியாக முதலில் வராது. கண்ணுக்குப் பக்கத்திலேயே திரை இருந்தால் பிக்சல் கணக்கு பல மடங்கு குறையும். அதனால் கண்ணாடி மாதிரி அணியும் கருவியாகத்தான் வரும்.

மறுபடி சூடான ஆய்வகங்கள்

எஃப்எல்சியின் பாதித் தொல்லைகளுக்குக் காரணம் அந்த அடுக்குகள்தான். அழுத்தினால் கலைவது அவைதான். அடுக்கே இல்லாமல் ஃபெரோஎலெக்ட்ரிக் குணம் மட்டும் கிடைத்தால்? முடியும் என்று பீட்டர் டிபையும் மேக்ஸ் பார்னும் 1910-களிலேயே ஊகித்திருந்தார்கள். நூறு வருஷம் யாரும் பார்க்கவில்லை. 2017-ல் பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகத்திலும் ஜப்பானிலும் தனித்தனியாக விநோதமாக நடந்துகொண்ட இரண்டு பொருட்கள் கிடைத்தன. யார்க் பொருளில் இருப்பது அடுக்கில்லாத ‘ஃபெரோஎலெக்ட்ரிக் நெமாட்டிக்’ நிலையேதான் என்று 2020-ல் நிரூபித்துக் காட்டியது கொலராடோ குழு. அதில் யார் இருந்தார் தெரியுமா? 1980-ல் கண்ணாடிகளுக்கு நடுவே உலக்கையை அடக்கிய அதே நோயல் கிளார்க். 40 வருஷம் கழித்து!

2024 ஜூனில் ‘நேச்சர்’ இதழில் ஜெர்மனி, ஸ்லோவேனியா ஆய்வாளர்கள் இன்னொரு படி போனார்கள். இந்தப் புது வகைத் திரவப் படிகத்தில் லேசரைச் செலுத்தி, குவாண்டம் தொடர்பியலுக்குத் தேவையான ‘பின்னிப்பிணைந்த’ ஃபோட்டான் ஜோடிகளை உண்டாக்கினார்கள். வழக்கமாக இதற்குத் திடப் படிகம் வேண்டும், ஒருமுறை செய்துவிட்டால் மாற்ற முடியாது. இங்கே வோல்டேஜை மாற்றினாலே ஜோடியின் தன்மை மாறுகிறது. இது ஹோலோகிராம் திரைக்கு எப்போது வரும் என்பதற்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது.

நமக்கு இதில் ஒரு பழைய கணக்கு பாக்கி உண்டு. திருச்சியில் பிறந்த சி.வி.ராமனின் சகோதரி மகன் எஸ்.பஞ்சரத்தினம், பெங்களூருவில் ராமன் ஆய்வகத்தில் இருந்தபோது 1956-ல், 22 வயதில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஒளியின் அதிர்வுத் திசையை மாற்றிக்கொண்டே போனால் அதன் கட்டமும் நகரும் என்றது அது. எஃப்எல்சி பிக்சலில் மேடு பள்ளமாவதன் அடிப்படை அந்தக் கணக்குதான். உலகம் அதைக் கவனித்தது, 1980-களில் பிரிட்டனின் மைக்கேல் பெர்ரி எடுத்துச் சொன்ன பிறகு. பஞ்சரத்தினம் 1969-லேயே, 35 வயதில் இறந்துவிட்டார்.

அவருடைய அண்ணன் எஸ்.சந்திரசேகர் (நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சந்திரசேகர் வேறு, அவர் ராமனின் அண்ணன் மகன்) 1977-ல் அதே பெங்களூருவில் தட்டு வடிவ மூலக்கூறுகளால் ஆன புதிய திரவப் படிக வகையையே கண்டுபிடித்தார். எல்சிடி திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாமல் இருக்க அந்த வகை மூலக்கூறுகளை வைத்துப் படலம் செய்து, 1990-களில் உலகம் முழுக்க விற்றது ஜப்பானின் ஃபுஜிஃபிலிம். எஃப்எல்சி ஆராய்ச்சி டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்திலும் பெங்களூருவிலும் பல வருஷமாக நடக்கிறது. 2021 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்த 76,000 கோடி ரூபாய் செமிகண்டக்டர் திட்டத்தில் திரைத் தொழிற்சாலையும் ஒரு பகுதி. அங்கே பேசப்படுவது எல்சிடி, அமோலெட் மாதிரி பெரிய திரைகள். நுண்ணோக்கிக்கும் தொலைநோக்கிக்கும் போகும் நகம் அளவு சிறப்புத் திரை, அளவில் சின்னது, விலையில் பெரியது. பெங்களூருவில் இருக்கும் அறிவுக்கு நெருக்கமானது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக ஒரு சின்னச் சோதனை. அடுத்த முறை யாராவது ‘ஹோலோகிராம்’ என்று எதையாவது காட்டினால், ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலையை இடதும் வலதுமாக நகர்த்துங்கள். முன்னால் நிற்கும் கை பின்னால் இருக்கும் தோளை மறைக்கும் இடம் மாறுகிறதா? மாறவே இல்லை என்றால், நீங்கள் பார்ப்பது வெறும் தட்டையான படம்.